ஐ.சி.யு. வாசலில் காரணம் சொல்பவர்

“தலைக்குக் குளிச்சாளா?” என்று மாமா தங்கை மகளிடம் கேட்டார்.

“இல்ல மாமா. அம்மா டீ போட்டுட்டு இருந்தாங்க. திடீர்னு வாய் குழறுச்சு, வலது கை தொங்கிடுச்சு.”

“ராத்திரி ஃபேனுக்கு நேர் கீழ படுத்தாளா?”

“எப்பவும் அங்கதான் படுப்பாங்க.”

“அதான்!” என்றார் மாமா, தீர்ப்பை வாசித்து முடித்த நீதிபதியைப் போல. உள்ளே அவருடைய தங்கை மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, நினைவு மங்கிக் கிடந்தாள்.

காரணம் சொல்பவர் என்ற இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. எந்த ஆஸ்பத்திரியானாலும் கதவுக்கு மிக அருகிலுள்ள நாற்காலி இவருடையது. நோயாளிக்கென்று ஆரஞ்சு வாங்கி வருவார்; பேசிப் பேசித் தொண்டை வறளுமல்லவா, தாமே உரித்துத் தின்பார். ஃபேன், செல்போன், மைக்ரோவேவ், எதிர்வீட்டு நாய், மூன்றாம் மாடிப் படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி, புதிதாக யார் வந்தாலும் விசாரணையை முதலிலிருந்து தொடங்கி, பக்கத்து நோயாளியின் மைத்துனருக்கும் இலவசமாக இரண்டு காரணம் கொடுத்தனுப்புவார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாரா? மாட்டார். டாக்டருக்கு நோய் தெரியும், குடும்பம் தெரியுமா?

கதவு திறந்தது. டாக்டர் நோயாளியின் மகளிடம் வந்தார்.

“ரத்தம் எவ்வளவு கசிஞ்சிருக்கு, எந்த இடத்துல, வர்றப்போ நினைவு எப்படி இருந்துச்சு, வயசு என்ன, எல்லாத்தையும் பொறுத்துதாம்மா பிழைக்கிறது. சீக்கிரமா கொண்டுவந்தது நல்லது. ஆனா கசிவு நிக்கல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?”

“பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்.”

“நல்லா யோசிங்க. அதை முறிக்க மருந்து இருக்கு. உடனே போடணும்.”

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை வாய்க்குப் போகிற வழியில் நின்றிருந்தது.

“மாமா?”

“கால் மரத்துப்போகுதுன்னு சொன்னாம்மா... எனக்கு இதயத்துக்குக் குடுத்த மாத்திரை இருந்துச்சு. ரத்தம் நல்லா ஓடட்டுமேன்னு... தினமும் ஒண்ணு போட்டுக்கன்னு நான்தான் ஒரு அட்டை குடுத்தேன்.”

டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டார். மாமா சொன்னார். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. டாக்டர் உள்ளே ஓடினார்.

இந்த இனத்தார் கெட்டவர்கள் அல்லர். தமக்குக் கேட்ட மருந்து தங்கைக்கும் கேட்கும் என்கிற பாசம்தான். ஆமாம், உங்கள் கைப்பையில் இருக்கிறதே ஓர் அட்டை, அதிலிருந்து கடைசியாக யாருக்குப் பிய்த்துக் கொடுத்தீர்கள்? இங்கே சொல்ல வேண்டாம். டாக்டர் கேட்கும்போது சொன்னால் போதும்.

கசிவு நின்றது. சில நாள் கழித்துத் தங்கை கண் திறந்து, குழறலோடு, அண்ணன் எங்கே என்று கேட்டாள். உள்ளே போகத் துணியாமல் மாமா, தங்கை மகளை ஓரமாக அழைத்தார்.

“ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா, வயசாயிடுச்சுன்னு சொல்லிடும்மா. டாக்டரே அதையும் சேர்த்துத்தானே சொன்னாரு. அவ என்னைவிடச் சின்னவதான். ஆனாலும் நீ சொன்னா நம்புவா.”