கொல்லையில் நடந்து போன கூடாரம்

பம்பு மெக்கானிக் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அதை மாற்ற இந்த உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள்.

"இந்த லீவுக்கு நாம மூணு பேரும் காட்டுல கூடாரம் போட்டு ரெண்டு நாள் தங்கறோம்."

"கூடாரம் நிக்குமாங்க?"

"நான் போட்டா நிக்காதா?"

"முதல்ல நம்ம கொல்லையில நாலு நாள் நிக்கட்டும். நின்னா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் வரேன்."

ஊரில் நின்றுபோன பம்பையெல்லாம் ஓட வைப்பவர் அவர். ஒரு கூடாரத்தை நிற்க வைக்க முடியாதா?

கூடாரம் கூட்டாளியிடம் வாங்கிய இரவல். கொல்லையிலோ முழங்கால் உயரத்துக்குப் புல், அதற்கடியில் நெருஞ்சி. ஒரு முள் குத்தினாலும் மானம் போய்விடும். மூன்று பாய் விரிக்கும் அளவுக்கு வெட்டி, கொத்தி, கல் பொறுக்கி, தரையைச் சமப்படுத்தினார். குறிப்புத்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகவும் பிடித்துப் பார்த்தார். நாலு மணி நேரத்தில் கூடாரம் எழுந்தது. இந்த வித்தை தன்னைத் தவிர வேறு யாருக்கும் வராது என்று அவருக்கு அன்றே தீர்மானமாகிவிட்டது.

மறுநாள், திங்கட்கிழமை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடாரம் பத்தடி தள்ளிப் புல்லுக்குள் நின்றது.

இழுத்த தடம் இல்லை. முளைக்குச்சிகள் அவர் அடிப்பது போலவே சாய்வாக இறங்கியிருந்தன.

"யாரு இதை நகர்த்தினது?"

"உங்களை விட்டா யாருக்குங்க அது தெரியும்?"

அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. முதுகுத்தண்டு சில்லென்றும் இருந்தது.

"பழைய இடத்துக்கே தூக்கி வச்சிடவா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாங்க. அதுவா தேடி வந்த இடம். இடத்தை மாத்தினா என்ன நினைக்குமோ."

"எது?"

"எதுன்னு தெரிஞ்சா பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேனா? அடியில முள்ளு இருக்கு பாருங்க. கிழிஞ்சிடப் போகுது."

கூடாரத்தை ஓரம் ஓரமாகத் தூக்கிவிட்டு அடியில் கொத்த மண்வெட்டியை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை இன்னும் பத்தடி. இந்தத் தடவை அதன் வாசல் வீட்டைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தது. மறுபடி மண்வெட்டி.

புதன்கிழமை வேலியோரம் போய் நின்றது. உள்ளே கையை விட்டார். விரிப்பில் ஒரு பள்ளம். அதில் சூடு இன்னும் ஆறவில்லை. கையைச் சுட்டுக்கொண்டவர் போல வெளியே இழுத்துக்கொண்டார்.

"உள்ள யாரோ படுத்திருக்காங்க."

"பெரிய ஆளா, சின்ன ஆளா?"

"பள்ளத்தைப் பாத்தா சின்ன ஆளு."

"அப்ப பரவாயில்ல. இடம் கம்மியாத்தான் பிடிக்கும்."

"காட்டுக்குப் போற பேச்சு என்னாச்சு? இது ஓர் இடத்துல நிக்கலையே."

"விழலையே. நின்னுக்கிட்டேதானே நகருது."

வியாழக்கிழமை தாயும் மகளும் காலையிலேயே அவரோடு டவுனுக்குப் போனார்கள். அவரோடுதான் திரும்பினார்கள். வீடு பூட்டியபடி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கார அக்கா மட்டும் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூடாரம் கடைசி மூலைக்குப் போயிருந்தது. அவர் கண்ணுக்குத் துணி மட்டும் மூச்சு வாங்குவது போல உப்பியது, அடங்கியது. காற்றே இல்லை. அன்று அவர் கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு மண்ணைக் கொத்தினார்.

வெள்ளிக்கிழமை கூடாரம் நகரவில்லை. சனிக்கிழமை விடிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். கொல்லையில் மருந்துக்குக்கூடப் புல் இல்லை. பொலபொலவென்று மண். அதில் வரிசை வரிசையாகக் கத்தரி நாற்று. கடைசி நாற்றுக்கு அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கொல்லையைக் கொத்தித் தாங்கன்னு மூணு வருஷமா கேட்டேன். முதுகு வலின்னீங்க."

"அப்ப… நீயா? உனக்கு அதைப் போடத் தெரியுமா?"

"அந்தத் தாளை நேரா பிடிச்சா பத்து நிமிஷங்க. பாப்பா சாயங்காலம் வரைக்கும் அதுலதான் தூங்குவா."

அவர் தொண்டையைச் செருமினார். "சரி, போகட்டும். கிளம்பலாம்."

"நாங்க கிளம்பறோம். அண்ணன் வேன் எடுத்துட்டு வராரு. அவர்கிட்ட பெரிய கூடாரமே இருக்கு."

"நான்?"

"நாத்து இன்னைக்குத்தான் மண்ணுல இறங்கியிருக்கு. பக்கத்துல ஆடு. யாராவது இருக்க வேண்டாமா?"

"நாலு நாள் நின்னா வரேன்னு சொன்னியே."

"நான் வரேன்னு சொன்னேன். நின்னுச்சு, கிளம்பிட்டேன்."

வேன் நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னங்க, சொல்ல மறந்துட்டேன். நான் நகர்த்தினது மூணு தடவைதான்."

வேன் திருப்பத்தில் மறைந்தது. அவர் விரல்விட்டு எண்ணினார். நாலு. இன்னொரு கையில் எண்ணினார். அதிலும் நாலு.

அவர் கூடாரத்துக்குள் போகவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, ஒரு கம்பை மடியில் வைத்துக்கொண்டு, கூடாரத்தையே பார்த்தார். ஓர் இலை அசைந்தாலும் எழுந்து நின்றார். மத்தியானம் போனது. பனி இறங்க ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் அக்கா, ஒவ்வோர் ஆடாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஆட்டைக் கட்டிப் போடலையா?"

"எதுக்குத் தம்பி? இன்னைக்கு நீ கண்ணையே மூட மாட்டேன்னு உன் பொண்டாட்டி காலையிலேயே சொல்லிட்டுத்தானே போனா."