ஒத்திகை நோயாளிகளுக்கு மட்டும்

போர்வீரனும் மனிதன்தான், அவனுக்கும் சிறுநீர் வரும் என்பதை அரசாங்கம் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒப்புக்கொண்டது. அதன் விளைவாக ஏற்பட்டதுதான் டெக்சஸில், ஃபோர்ட் ஆஷ்கிராஃப்ட் ராணுவ மருத்துவமனையின் சிறுநீரியல் அறுவைத் துறை. அந்தத் துறையில் பயிற்சி மருத்துவர்களுக்கு அட்டவணை போடுவதும் காப்பி மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் உத்தியோகம். நான் சீருடை போடாத ஆள். ஆகவே எனக்கு யாரும் சல்யூட் அடிப்பதில்லை. ஆனால் எல்லாரும் என் முன்னால் உண்மையைப் பேசிவிடுவார்கள்.

துறையில் எல்லாம் இருந்தது. நோயாளிதான் இல்லை. பட்டாளத்துப் பையன்களுக்கு இருபது வயது. அவர்களுடைய சிறுநீரகம்கூட உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக வேலை செய்தது. அறுவை தேவைப்படும் வயதில் இருந்தவர்கள் ஓய்வு பெற்ற சிப்பாய்கள். அவர்களையெல்லாம் நகரத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தள்ளிவிட்டுவிட்டார் எங்கள் மருத்துவமனைத் தலைவர் கர்னல் ஹார்கிஸ். "போர்த் தயார்நிலையில் கவனம் சிதறாதிருக்கும் பொருட்டு" என்று அந்த உத்தரவில் எழுதியிருந்தது. நகரம் எழுபது மைல். அங்கே போனால் நாலு மாதம் கழித்து வரச்சொல்வார்கள்.

ஆகவே எங்கள் பயிற்சி மருத்துவர்கள் ரப்பர் பொம்மையில் அறுவை பழகினார்கள். ரப்பர் பொம்மைக்கு ரத்தம் வராது, பயம் வராது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழ ஒரு பெண்டாட்டியும் கிடையாது. கேப்டன் ரெனாட்டா ஒச்சோவா கடைசி வருஷத்தில் இருந்தாள். அருமையான கை. அந்தக் கைக்கு ஆள்தான் கிடைக்கவில்லை. நிஜ நோயாளிகள் போதாவிட்டால் பயிற்சியை மூடிவிடுவோம் என்று பரீட்சைக் குழு சொல்லிவிட்டது. போர் ஒத்திகையில் போலி நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துத் தோற்றால் மூடிவிடுவோம் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. அந்தப் பெண் காப்பி குடிப்பதையே நிறுத்திவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

தலைமையகத்தில் அந்த வருஷத்து மோஸ்தர் "நிஜம்போலவே". முந்தின வருஷம் "புதுமை", அதற்கு முந்தின வருஷம் "மனவலிமை". அவற்றின் காப்பிக் கோப்பைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. "நிஜம்போலவே" என்று அச்சடித்த பனியன் எல்லாருக்கும் கொடுத்தார்கள். எனக்கு வந்த பனியன் அளவு சரியில்லை.

ஒத்திகை தொடங்கிய காலை, புல்தரையில் கூடாரம் போட்டார்கள். நிஜ மருத்துவமனையைப் பூட்டினார்கள். ஏனென்றால் மருத்துவமனை ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தால் ஒத்திகைக்கு ஆள் போதாது. காயம் பட்டவர்களாக நடிக்க வந்த சிப்பாய்களுக்கு ஆரஞ்சுக் கைப்பட்டை கட்டினார்கள். பட்டை உள்ளவன் நோயாளி. இல்லாதவன் நோயாளி அல்ல. நடுவராக வந்தவர் மேஜர் க்ரெப்ஸ். அவர் வெள்ளை மேலங்கி போட்டிருந்தார். வெள்ளை மேலங்கி யார் கண்ணுக்கும் தெரியாது என்பது விதி. அவருக்கு குட்மார்னிங் சொன்ன ஒரு நர்ஸை அவர் உடனே குறித்துக்கொண்டார்.

முதல் காரியமாக க்ரெப்ஸ் தன் குறிப்பேட்டில் கர்னலை ஏவுகணை போட்டுக் கொன்றார். நிஜம்போலவே இருக்க வேண்டுமல்லவா. கர்னல் முகமலர்ச்சியோடு இறந்து, வீட்டுக்குப் போய் இறைச்சி வாட்டும் அடுப்பைப் பற்றவைத்தார். அவருக்கு அடுத்தவர் விஷவாயுவில் இறந்து, மகளின் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனார். எங்கள் துறைத் தலைவர் லெப்டினண்ட் கர்னல் டன்லீவி பீரங்கிக் குண்டில் இறந்தார். அவர் கடமை தவறாதவர். ஆகவே கூடாரத்திலேயே ஒழுங்காக மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் வெர்லன் ஸ்ட்ரௌட் வந்தார். முப்பது வருஷம் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்த பெரியவர். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மனைவி ஓப்பலின் தோளைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக்கொட்டியபடி நடந்து வந்தார்.

"அம்மா டாக்டர், நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரு சொட்டு வரல. வயிறு வெடிச்சிரும் போல இருக்கு."

ஒச்சோவா பார்த்தவுடனே எழுந்தாள். அவர் வயிறு தொப்புள் வரை உப்பியிருந்தது. "படுங்க சார்ஜெண்ட். டியூப் போட்டா ஒரு நிமிஷத்துல சரியாயிரும்."

காற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அதாவது க்ரெப்ஸ். "கைப்பட்டை எங்க?"

"இவர் நடிக்க வந்தவர் இல்ல மேஜர். நிஜமாவே அடைச்சிருக்கு."

"நிஜ நோயாளியா? அப்ப டவுனுக்கு அனுப்புங்க. கர்னல் உத்தரவு."

"டவுனுக்கு நேத்தே போன் போட்டேன்யா," என்றாள் ஓப்பல். "அவசரமா இருந்தா அவசர சிகிச்சைக்குப் போங்கன்னாங்க. அவசர சிகிச்சை எங்கன்னு கேட்டேன். இந்த ஆஸ்பத்திரின்னாங்க. இங்க வந்தா பூட்டு தொங்குது!"

க்ரெப்ஸ் மோசமான மனிதர் அல்ல. விதிக்குள் வழி இருந்தால் உதவக்கூடியவர். அவர் யோசித்து, பெட்டியிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பட்டையை எடுத்து ஸ்ட்ரௌட் கையில் கட்டினார். "இப்ப நீங்க நோயாளி. டாக்டர், வைத்தியம் பாருங்க."

ஒச்சோவா சப்ளைப் பெட்டியைத் திறந்தாள். டியூப் உறைகள் வரிசையாக இருந்தன. ஒன்றைப் பிரித்தாள், காலி. அடுத்ததும் காலி. எல்லாம் காலி.

"ஒத்திகைப் பொருள்," என்றார் க்ரெப்ஸ். "டியூப் போட்டேன்னு சத்தமாச் சொல்லுங்க. நான் குறிச்சுக்கறேன்."

"நிஜ டியூப் வேணும் மேஜர்!"

"நிஜ டியூப் ஸ்டோர்ல இருக்கு. ஒத்திகை நடக்கறப்ப ஸ்டோரத் திறக்கக் கூடாது. ஒத்திகைக்குன்னு நிஜப் பொருள வீணடிச்சா யார் பதில் சொல்றது?"

"ஐயோ, யாராவது எதையாவது சொல்லுங்கடா!" என்று கத்தினார் ஸ்ட்ரௌட்.

"டியூப் போட்டாச்சு," என்று க்ரெப்ஸே சொன்னார், உதவும் எண்ணத்தில். பிறகு ஸ்ட்ரௌட்டைக் கூர்ந்து பார்த்தார். "டியூப் போட்டப்பறமும் கத்தறீங்க. ஆனாலும் நடிப்பு பிரமாதம். நிஜம்போலவே இருக்கு."

ஓப்பல் அழ ஆரம்பித்தாள். ஒச்சோவா காலி உறைகளை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் தரையில் கிடந்த டன்லீவி இருமினார்.

"பிணம் இருமக் கூடாது," என்றார் க்ரெப்ஸ்.

டன்லீவி கண்ணைத் திறக்காமல், உதடு அசையாமல் முணுமுணுத்தார். "ரெனாட்டா... வலது கால்சட்டைப் பை... நுனி வளைஞ்ச டியூப்... உறை பிரிக்காதது."

மற்றவர்கள் பையில் பேனா வைத்திருப்பார்கள். அந்த மனிதர் இருபது வருஷமாக உறை பிரிக்காத டியூபும் கையுறையும் களிம்பும் ஒரே கட்டாகப் பையில் வைத்திருப்பவர். நாங்கள் அதற்காகச் சிரித்திருக்கிறோம். ஒச்சோவா குனிந்து அவர் பையில் கையை விட்டாள்.

"நில்லுங்க கேப்டன்!" க்ரெப்ஸ் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "இறந்த வீரரோட உடைமைய எடுக்கறது போர்க்குற்றம். துறைய அந்த நிமிஷமே தோல்வின்னு எழுதிருவேன்."

ஒச்சோவா அப்படியே குனிந்த நிலையில் நின்றாள். ஒரு பக்கம் ஒரு கிழவரின் வயிறு. மறு பக்கம் ஐந்து வருஷப் படிப்பும் மொத்தத் துறையும். அவள் மெதுவாக நிமிர்ந்து கேட்டாள்.

"மேஜர், இப்ப இந்த மருத்துவமனைக்கு யார் தலைவர்?"

"கர்னல் செத்துட்டார். அடுத்தவரும் செத்துட்டார். டன்லீவியும் போயிட்டார்..." க்ரெப்ஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் முகம் மாறியது. "நீங்கதான், மேடம்."

"ஒத்திகைய முடிக்கற அதிகாரம் யாருக்கு?"

"தலைவருக்கு மட்டும். ஆனா இப்ப முடிச்சா தோல்வி."

"நான் முடிக்கப் போறதில்ல," என்றாள் ஒச்சோவா. "போர்க்காலத் தேவைக்கு இறந்தவரோட டியூபப் பறிமுதல் பண்றேன். இந்தப் போலி நோயாளிக்கு நிஜ டியூப் போடப் போறேன். நிஜம்போலவே இருக்கணும்னு பனியன்லயே அடிச்சிருக்கே, படிச்சீங்களா?"

க்ரெப்ஸ் மேலங்கியை விலக்கித் தன் பனியனைக் குனிந்து பார்த்தார். விதிக்குள் வழி இருந்தது. திரையை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஸ்ட்ரௌட் "அப்பாடா, ஆண்டவனே" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ஓப்பல் ஒச்சோவாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. பிணமாகக் கிடந்த டன்லீவியின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. க்ரெப்ஸ் அதைக் கண்டும் காணாமல் விட்டார்.

அன்று சாயங்காலம் ஒத்திகையை முடித்திருக்க வேண்டும். ஒச்சோவா முடிக்கவில்லை. முடித்தால் ஸ்ட்ரௌட் நிஜ நோயாளியாகிவிடுவார். அடைப்பை அடியோடு நீக்கும் அறுவைக்கு நகரத்தில் நாலு மாதம். முடிக்காவிட்டால் அவர் ஒத்திகை நோயாளி. நாளைக் காலையே அறுவை. நிஜம்போலவே செய்வதற்காக அறுவை அரங்கைத் திறந்தாள். ஸ்டோரையும் திறந்தாள். டன்லீவி பிணமாகவே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். இருமல் ஒன்று என்றால் இடது பக்கம், இரண்டு என்றால் பொறு.

செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆரஞ்சுப் பட்டை கட்டிக்கொண்டால் வைத்தியம் உண்டு. அடுத்த வாரமே ஓய்வு பெற்ற பட்டாளத்தார் மடக்கு நாற்காலியோடு வந்து புல்தரையில் உட்கார்ந்தார்கள். கல், கட்டி, அடைப்பு, கசிவு என்று நாங்கள் புத்தகத்தில் மட்டும் பார்த்ததெல்லாம் வந்தன. ஒச்சோவா மறுபடியும் காப்பி குடிக்க ஆரம்பித்தாள். போலி நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவதில் நாட்டிலேயே எங்கள் மருத்துவமனைதான் முன்னணி என்று தலைமையகம் பாராட்டியது. நிஜ நோயாளிகள் இதைப் பார்த்து ஏங்குவதாகக் கேள்வி.

கர்னல் ஹார்கிஸை யாரும் தேடவில்லை. அவரும் எங்களைத் தேடவில்லை. இறந்தவருக்கு மீட்டிங் கிடையாது. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல காலம் என்று அவர் மனைவி கடைத்தெருவில் சொன்னாள்.

ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் அவர் வந்தார். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த நடையை நாங்கள் எல்லாரும் அறிவோம்.

"க்ரெப்ஸ்! சீக்கிரம் டாக்டரக் கூப்பிடு. அடைச்சுக்கிச்சு."

"சார், நீங்க செத்துட்டீங்க."

"யோவ், அதான் உயிர் போகுதுங்கறேனே!"

"ரெண்டாவது தடவை போக விதியில இடமில்ல சார்."

கர்னல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒச்சோவாவிடம் திரும்பினார். "கேப்டன், இந்தக் கூத்த உடனே நிறுத்து."

"நிறுத்தலாம் சார்," என்றாள் அவள், ரொம்ப மரியாதையாக. "நிறுத்தினா உங்களுக்கு உயிர் வந்துரும். உயிர் வந்தா நீங்க நிஜ நோயாளி. உங்களுக்கும் ஓய்வு பெறற வயசு. டவுனுக்குத்தான் அனுப்பணும். உங்க உத்தரவு சார்."

"டவுன்ல நாலு மாசம்னு சொல்றானுங்க!"

"தெரியும் சார்."

க்ரெப்ஸ்தான் கடைசியில் வழி கண்டுபிடித்தார். பிணத்தைக் காயம் பட்டவராகத் திருத்திக்கொள்ள நடுவருக்கு அதிகாரம் உண்டாம். கர்னல் கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டப்பட்டது. "வரிசைக் கடைசிக்குப் போங்க சார். பட்டைக்குப் பதவி கிடையாது."

வரிசை கொடிக்கம்பம் வரை நீண்டிருந்தது. கர்னல் முன்னால் இடம் விடச்சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். தையல் பிரிக்க வந்திருந்த ஸ்ட்ரௌட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் வானத்தைப் பார்த்தார்கள். அன்று வானத்தில் ஒன்றுமே இல்லை. வரிசையில் கடைசியாக நின்றது நான். எனக்குச் சிறுநீரகத்தில் ஒரு கல். சின்னதுதான், அன்றைக்கு வலிகூட இல்லை.

"தம்பி... நீயாவது... கொஞ்சம் விடேன்," என்றார் கர்னல். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. உத்தியோகம் பார்த்த இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"பிரமாதம் சார், நிஜம்போலவே இருக்கு," என்று சொல்லிவிட்டு, நான் என் இடத்திலேயே நின்றேன்.