தலைவர் மீட்டிங்கில் இருக்கிறார்

உலகத்திலேயே மிக முக்கியமான மனிதரைத் தயாரித்தவன் நான்தான். கடவுளுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் அவர் கை, கால், மூக்கு முதலிய சில்லறை வேலைகளை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முக்கியத்துவம் முழுக்க என் கைவண்ணம். அந்த மனிதர் எவ்வளவு முக்கியமானவர் என்றால், ஒருநாள் அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்த அவரிடம், "தலைவர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சொல்லி, அவருடைய அலுவலக வாசலிலேயே அவரை உட்கார வைத்துவிட்டோம். அவரும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். மதியம் அட்டை வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், வரவேற்பறைப் பெண்ணுக்குச் சம்பளத்தை உயர்த்தியது.

தலைவர் பிறக்கும்போதே தலைவராகப் பிறக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு 'ஸ்பேனர்' என்று பெயர். லிஃப்ட் நின்றால் மணியை அழுத்த வேண்டும். அழுத்திய விரலை எடுப்பதற்குள் கிரீஸ் கையோடு வந்து நிற்பார். கூப்பிட்ட குரலுக்கு வருவது ஒரு மனிதனின் மதிப்பை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பது அந்த அப்பாவிக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இருந்தது, கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் பெண். ஸ்பேனர் கதவை ஒரு சாண் நெம்பி, இடுக்கு வழியே டார்ச்சை நீட்டினார்.

"பயப்படாதீங்க. கயிறு அறுந்தாலும் விழாது."

"கயிறு அறுந்துருச்சா?"

"இல்லைங்க, அறுந்தாலும்னு சொன்னேன்."

"அதச் சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"சரி, சொல்லல. வேற பேசுவோம். என் கண்ணு எப்படி இருக்குன்னு அங்கேயிருந்தே பாத்துச் சொல்லுங்க."

"டார்ச்ச என் மூஞ்சியில அடிச்சா நான் எதப் பாக்கிறது?"

லிஃப்ட் கிளம்பும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் மேல் படியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன உத்தியோகம்? அதன் பிறகு ஸ்பேனர் அடிக்கடி கண்ணாடிக் கடைக்குக் கண் சோதிக்கப் போனார். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. இருந்திருந்தால் ஒரு தடவையோடு கண்ணாடி மாட்டி அனுப்பியிருப்பார்கள்.

அவருடைய அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவர். இரண்டையும் இரண்டையும் கூட்ட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"போய்க் கேட்டுடேன்டா. உன்னப் பாத்தாலே அந்தப் பொண்ணு முகம் மலருது."

"இந்தக் கிரீஸ் கையோடயா? மொதல்ல நான் ஒரு ஆளாகணும்க்கா."

"இப்ப என்ன, ஆடாவா இருக்க?"

காதலில் விழுந்தவன் கணக்கு டீச்சர் பேச்சைக் கேட்பானா? ஸ்பேனர் ஆளாகப் புறப்பட்டார்.

லிஃப்டுக்குள் நிற்கிறவன் எங்கே பார்ப்பான்? பக்கத்து ஆளைப் பார்க்கக் கூச்சம். கீழே பார்த்தால் செருப்பு. சுவரைத்தான் பார்த்தாக வேண்டும். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்த ஸ்பேனர், ஊரில் உள்ள லிஃப்ட் சுவர்களையெல்லாம் வாடகைக்கு எடுத்து விளம்பரம் ஒட்டினார். பிறகு அதைவிடப் பெரிய உண்மை ஒன்று அவருக்குப் புலப்பட்டது: லிஃப்ட் மெதுவாகப் போனால் விளம்பரத்தின் விலை ஏறும். மெக்கானிக் மூளை அல்லவா? ஊரெல்லாம் லிஃப்டுகள் தவழத் தொடங்கின. உச்சி மாடிக்குப் போகிறவர் பாதி வழியில் மெத்தை வாங்கும் முடிவுக்கும், முக்கால் வழியில் ஆயுள் காப்பீடு எடுக்கும் முடிவுக்கும் வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதமானால் காப்பீட்டுப் பணத்தை வாரிசுகள் வாங்க வேண்டியிருக்கும் என்ற நிலை. லிஃப்டுகள் தாழ்ந்தன. ஸ்பேனர் உயர்ந்தார்.

பணம் வந்துவிட்டது. மதிப்பு வரவேண்டாமா? அதற்குத்தான் என்னைத் தேடி வந்தார். நான் சாதாரண ஆளில்லை. அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதும், ஒருவரையும் முதல் தடவை வந்தபோதே உள்ளே விட்ட களங்கம் எனக்கு இல்லை. என்னிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த ஒருவர், பிறகு பேரனோடு வந்து அதையே கேட்டிருக்கிறார்.

"சார், அவ என்னப் பாத்து அசந்து போகணும்."

"அப்படின்னா மொதல்ல அவங்க கண்ணுல நீங்க படக்கூடாது தம்பி."

"படாம எப்படி சார் அசருவா?"

"நிலாவ யாரு தொட்டுப் பாத்திருக்கா?"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே எனக்குக் 'காத்திருப்பு ஆலோசகர்' பதவி கிடைத்தது.

மூன்று அறைகளைக் கட்டினேன். முதல் அறையில், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. இரண்டாவதில், எழுந்திருக்கத் தோன்றும் மர நாற்காலி. மூன்றாவதில் நாற்காலியே கிடையாது. இவற்றைக் கடந்தால் தலைவர் அறை. ஆனால் யாரும் கடந்ததில்லை. வரவேற்பறைப் பெண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியத்தில் பயிற்சி கொடுத்தேன்: "சார் மீட்டிங்ல இருக்காரு."

"யாரோட மீட்டிங்னு கேட்டா?" என்றார் தலைவர் கவலையாக.

"அதக் கேக்கிற அளவுக்கு வெளிய யாருக்கும் தகுதி கிடையாது தலைவரே."

வெளியாருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் நடைமுறை கறாராக இருந்தது. அக்கா போனில் கேட்பார்: "எந்தம்பி சாப்பிட்டானா, இல்லையா?" வரவேற்பறைப் பெண் பதில் சொல்வாள்: "உங்க கோரிக்கையப் பதிவு பண்ணிக்கிட்டோம் மேடம்."

இதற்கிடையில் காதலையும் தலைவர் கைவிடவில்லை. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய நீளக் காரில் தினமும் அவள் கடை முன்னால் ஊர்ந்து போவார். உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. இதைவிட உயர்ந்த காதல் உண்டா? போய்க் கேட்கச் சொன்னால் மட்டும், "இன்னும் கொஞ்சம் பெரியவனாகிக்கிறேன் சார்" என்பார்.

அப்போதுதான் கண்ணாடிக் கடைக்காரர் தூரத்து ஊரில் ஒரு கிளை திறந்து, அதை நடத்த அந்தப் பெண்ணைப் போகச் சொன்னார். போகிறாளா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். விஷயம் அக்கா காதுக்கு எட்டியது. "அவன் வாயத் தொறக்க மாட்டாம்மா. நீயாவது போய்க் கேளு" என்று அவளை அனுப்பிவிட்டார். காலையில் அலுவலகம் திறந்ததும் அவள் வந்து நின்றாள்.

"வந்த நோக்கம்?" என்றேன், முறைப்படி.

"கல்யாணம்."

"பத்திரிகை குடுக்கவா, மொய் கேக்கவா?"

"அவரோட கல்யாணம்."

"யாரோட?"

"என்னோட."

"அந்தப் பிரிவு இங்க இல்லையேம்மா. 'இதர'ன்னு போட்டுக்கறேன். உக்காரு."

"ஒரு நிமிஷம் பாத்தாப் போதும். லிஃப்டுல மாட்டினப்ப கூப்பிட்டவுடனே வந்தாரே, அந்த மனுஷன்தானே இவரு?"

"அது அவரோட பழைய நிலைமைம்மா. இப்ப குணமாயிட்டாரு."

அவள் சோபாவில் அமிழ்ந்தாள். மதியம் வந்தது. "சார் மீட்டிங்ல இருக்காரு." டீ வந்தது. மீட்டிங் தொடர்ந்தது. நடுவில் நானே இன்டர்காமில் தலைவரைக் கூப்பிட்டேன். யாரையும் இணைக்கக் கூடாது என்று நான் போட்ட உத்தரவை எனக்கே படித்துக் காட்டினாள் வரவேற்பறைப் பெண். என்ன ஒழுங்கு! என் உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் அவள் சோபாவோடு போராடி எழுந்தாள்.

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடறீங்களா?"

"தாராளமா."

"வேணாம், விடுங்க. நான் சொல்றதையும் அந்த சோபாவுலதான் உக்கார வைப்பீங்க."

படியில் இறங்கிப் போனாள். லிஃப்டில் போக நேரமில்லையாம்.

அவள் ஊரைவிட்டே போன பிறகு அக்கா போனில் சத்தம் போட்டார். கேட்ட தலைவர் அறையைவிட்டு வெளியே ஓடி வந்து, "அவ இங்க வரவே இல்லையே!" என்றார். நாங்கள் எல்லோரும் வந்தாள் என்றோம். அவர் ஒருவர் மட்டும் நம்ப மறுத்தார். பெரிய மனிதர்கள் ஒரு விஷயத்தை நம்ப மறுத்தால் அடுத்து என்ன செய்வார்களோ, அதைச் செய்தார்: 'உண்மை அறியும் குழு' ஒன்றை அமைத்தார். குழுவின் தலைவர், உறுப்பினர், தட்டச்சர் மூவரும் நானே.

முதல் சாட்சி வரவேற்பறைப் பெண். அடுத்தவர் டீக்காரர். "டீ குடுத்தேன் சார். சக்கரை கம்மியாக் கேட்டாங்க. கடைசில குடிக்கவே இல்ல." சோபாவையும் பார்வையிட்டேன். பள்ளம் இருந்தது. அவள் வந்தாள் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

"ஆதாரம் பத்தாது. மறுபடி விசாரிங்க" என்றார் தலைவர், உள்ளே இருந்தபடி இன்டர்காமில்.

மறுபடி விசாரித்தேன். மறுபடியும் வந்திருந்தாள்.

"எல்லாரும் சொல்லிட்டா வந்ததா ஆயிடுமா சார்?"

எப்பேர்ப்பட்ட கேள்வி! ஊரே கண்ணால் கண்டதை ஒரே வரியில் இல்லை என்று ஆக்கக்கூடிய மேன்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்? என் தயாரிப்பை நினைத்து நானே வியந்து நின்றபோது, அக்கா உள்ளே நுழைந்தார்.

"சார் மீட்டிங்ல..." என்றாள் வரவேற்பறைப் பெண்.

"நகரு."

சோபா, நாற்காலி, வெறுந்தரை எல்லாவற்றையும் தாண்டி அக்கா போய்க்கொண்டே இருந்தார். தடுப்பதற்காக நானும் பின்னால் ஓடினேன். தலைவர் அறைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். பெரிய மேசை. அதன்மேல் ஒரு காகிதம் இல்லை, ஒரு பேனா இல்லை. ஒரே ஒரு டிவி பெட்டி இருந்தது. அதில் முதல் அறை சோபா பளிச்சென்று தெரிந்தது.

அக்கா அதை நிதானமாகப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"இதுல தெரியறது எந்த சோபாடா?"

தலைவர் டிவியை அணைக்கக் கை நீட்டினார்.

"இப்ப சொல்லு. அவ வந்தாளா, இல்லையா?"

"வந்தாக்கா." குரல் பழைய ஸ்பேனருடையது. "காலையிலேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உடனே கூப்பிட்டா மதிப்பா இருக்காதேன்னு..."

"அவ்வளவு நேரம் உள்ள என்னதான்டா பண்ணிக்கிட்டிருந்த?"

"சும்மாதாங்க்கா இருந்தேன்."