புழுக்கள் பின்னால் நடந்த வியாழக்கிழமை

மாட்சுமோட்டோவில் வசிக்கும் அன்பு அக்கா ஃபுமியேவுக்கு,

தம்பி தொக்குஜி தலை தாழ்த்தி எழுதுவது. இங்கே பிளம் பூக்கள் உதிரத் தொடங்கிவிட்டன. உங்கள் இடுப்புவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம்; அதாவது, உடம்பு நலம்.

ஆராய்ச்சிக்கூட வேலையிலிருந்து விலகுவதாக நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் முதல் தேதி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மாடி அறை போதும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை அங்கே உதவியாளாகச் சேர்த்துக்கொண்ட நிஷிதா சான் என்ற இளம்பெண், பழ ஈயின் புழு எப்படி ஊர்கிறது என்று ஆராய்கிறவர். அரிசி மணியிலும் சிறியது, அக்கா. உருப்பெருக்கியில் முதன்முதலாகப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். உடம்பு வளையம் வளையமாக இருக்கிறது. வால் வளையத்து நரம்பணுக்கள் தசையை இறுக்கச் சொல்கின்றன. உடனே வேறு சில அணுக்கள் 'போதும், விடு' என்று அடக்குகின்றன. அதற்குள் அடுத்த வளையத்துக்குச் செய்தி போய்விடுகிறது. இப்படி வாலிலிருந்து தலைவரை ஓர் அலை ஓடினால் புழு ஓர் எட்டு முன்னேறும். எந்த வளையமும் முந்துவதில்லை, பிந்துவதில்லை. படி இறங்கவே யோசிக்கிற எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அலை தலையிலிருந்து கிளம்பினால் புழு பின்னால் நகரும். ஒரே ஒரு சோடி நரம்பணுக்களைச் சிவப்பு விளக்கால் தூண்டினாலே அது நடக்கிறது என்று நிஷிதா சான் கண்டுபிடித்திருந்தார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர்கள் அதை ஒப்புக்கொண்டால் அவருக்கு இன்னும் மூன்று ஆண்டு வேலை. இல்லையென்றால் மார்ச்சோடு சரி.

அவர்களில் மூத்தவரான குரொய்வா பேராசிரியர் தாளில் பார்த்தால்தான் நம்புவார். ஆகவே விளக்கு போட்டதும் போடாததுமாக அறுபது புழுக்களின் படங்களை, புழுவுக்கு ஐந்தாக, நேர வரிசைப்படி பெரிய தாளில் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. ஓரத்திலிருந்த நேர எண்கள் கோணலாகத் தெரிந்ததால் அவற்றைக் கத்தரித்துவிட்டு, அளவுகோல் வைத்து ஒட்டினேன். நேற்று, வியாழனன்று, அந்தத் தாளைக் கூட்ட அறைச் சுவரில் மாட்டினோம்.

“என்னம்மா நிஷிதா, விளக்கு போடாத புழு எல்லாம் பின்னாடி போகுது, போட்டது முன்னாடி போகுது! உங்க இடத்துல புழுவுக்குக்கூட எங்களைப் பாத்தா பயமா?” என்றார் குரொய்வா. எல்லோரும் சிரித்தார்கள். நிஷிதா சானின் காது சிவந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருடம் மேலிருந்து கீழாக அச்சிட்ட புத்தகங்களுக்கே பிழை திருத்தியவன் நான். அதில் முதல் வரி வலது ஓரத்தில்தானே இருக்கும்? முதல் படத்தையும் என் கை வலது ஓரத்தில் ஒட்டியிருந்தது, அறுபது தடவை!

“மன்னிக்கணும்… வலது பக்கத்துலேர்ந்து பாருங்க.”

“யாருய்யா அது?”

“ஒட்டினவன்.”

குரொய்வா வலது ஓரத்துக்குப் போய் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “அடேயப்பா, எல்லாம் சரியா வருதே! நிஷிதா, உன் புழு ஒழுங்காத்தான் நடக்குது. உன் ஆளுதான் பின்னாடி போறாரு!”

மூன்று ஆண்டு கிடைத்துவிட்டது. “ஹோரியே சான், ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே நின்னுடுச்சு” என்று என்னிடம் சொல்லி நிஷிதா சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே விலகல் கடிதம் கொடுத்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நோயில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

தங்கள் தம்பி,
ஹோரியே தொக்குஜி

பின்குறிப்பு: மனம் கேட்காமல், உறையை ஒட்டுமுன் என்னிடமிருந்த, நேர எண்கள் கத்தரிக்காத படப் பிரதிகளை மறுபடி சரிபார்த்தேன். நாற்பத்தோராவது புழு விளக்கே இல்லாமல், தானாகவே பின்னால் போயிருக்கிறது. உடனே நிஷிதா சானைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். “ஐயோ, அதை யாருமே பாக்கலையே! ஏன் அப்படிப் போச்சுன்னு தெரியணுமே. உங்க விலகல் கடிதத்தை நான் இன்னும் பிரிக்கவே இல்ல, திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடுங்க” என்றார் நிஷிதா சான். ஏப்ரலில் நான் வரவில்லை, அக்கா. மேலே படித்ததுமே மாடி அறையை ஒழிக்க எழுந்திருந்தால் மன்னியுங்கள். அந்தப் புழுவுக்குக் காரணம் இருக்கும்.