ஏ ஸீரோ சைஸில் என் மாமனார்

இனிமேல் இந்த வீட்டில் நாற்பத்து மூன்று இஞ்சுக்குக் குறைந்த டிவியில் கிரிக்கெட் பார்ப்பதில்லை என்று போன மாசம் முதல் தேதி சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். சத்தமாக எடுக்கிற சபதமெல்லாம் எங்கள் வீட்டில் சங்கமித்ரா டிபார்ட்மென்ட்.

சங்கமித்ரா என் மனைவி. தொம்மலூரில் கட்டடங்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிற ஆபீசில் வேலை. அங்கே என்ன வேலை என்று பதினெட்டு வருஷமாக நான் கேட்டதில்லை. ஏதோ பேப்பர் வேலை.

ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ஹாலில் ஒரு சுவரில் கதவு, ஒன்றில் ஜன்னல், ஒன்றில் ஷோகேஸ். டிவி மாட்ட மிச்சமிருப்பது ஒரே ஒரு சுவர். நாலடி அகலம். அந்தச் சுவர் மேல்தான் அவளுக்கும் கண்.

"இன்னாங்க, அப்பா படம் ஒண்ணு அங்க மாட்டணும்."

அப்பா என்றால் என் மாமனார் கிருஷ்ணப்பா. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறினவர். காலமாகி ஆறு வருஷம். கேமராவைக் கண்டாலே மனுஷன் ஓடிவிடுவார். அவருக்கென்று இருக்கிற ஒரே போட்டோ, சுரங்க அடையாள அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டாம்ப் சைஸ். அதைப் பெரிசு பண்ணினால் முகமே தெரியவில்லை என்று ஸ்டூடியோக்காரர் கையை விரித்துவிட்டார்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது.

"நானே வரையறேன் மித்ரா. ஸ்கூல்ல டிராயிங்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு."

வரைகிறவன் கையில்தானே சைஸ்! மாமனாரை உள்ளங்கை அகலத்துக்கு வரைந்து ஓரமாக ஒரு ஆணியில் தொங்கவிட்டால், மிச்சச் சுவர் பூராவும் டிவிக்கு.

"நெஜமாவா?" அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அப்ப ஏ ஃபோர்ல வரைங்க. போதும்."

நான் இருபத்திரண்டு வருஷமாகச் செருப்புக் கடையில் நிற்கிறவன். நம்பர் குறைந்தால் சைஸ் குறையும். பத்தாம் நம்பர் போலீஸ்காரருக்கு, ரெண்டாம் நம்பர் குழந்தைக்கு. என்கிட்டயேவா?

"ஏ ஃபோரா? ஐயே, ரொம்ப ஜாஸ்தி. ஏ த்ரீ!"

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க இன்னா இருக்குது? சரி, ஏ டூ!"

"ஐயோ, பெத்த அப்பாங்க அது."

"ஏ ஒன்!"

"இதுக்கு மேல வாணாங்க. ஊரே சிரிக்கும்."

"ஏ ஸீரோ! அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

"உங்க இஷ்டம். ஆனா அப்புறம் பேச்சு மாறக் கூடாது. அப்பா போட்டோ மேல கை வெச்சுச் சொல்லுங்க."

வைத்தேன். சொன்னேன். அன்று சாயங்காலமே டிவியையும் ஆர்டர் பண்ணிவிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனரி கடை மஞ்சுநாத்திடம் போய், "ஒரு ஏ ஸீரோ டிராயிங் ஷீட் குடுங்க. கவர் வேணாம், சட்டைப் பாக்கெட்லயே வெச்சுக்கறேன்" என்றேன்.

மஞ்சுநாத் என் பாக்கெட்டைப் பார்த்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். உள்ளே போனவர் தோளில் ஒரு சுருளோடு வந்தார். விரித்தார். இன்னும் விரித்தார். மேஜை முடிந்துவிட்டது, பேப்பர் முடியவில்லை.

"இன்னாங்க இது, பந்தலுக்கா?"

"ஏ ஸீரோ சார். இதைப் பாதியா மடிச்சா ஏ ஒன். இன்னொரு தடவை மடிச்சா ஏ டூ. நாலு தடவை மடிச்சாத்தான் ஏ ஃபோர். ஸீரோன்னா மடிக்கவே இல்லேன்னு அர்த்தம்."

அளந்து பார்த்தேன். அகலம் ரெண்டே முக்கால் அடி. உயரம் கிட்டத்தட்ட நாலடி. டிவிக்கு மிஞ்சுவது ஒண்ணேகால் அடிச் சுவர். அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சுநாத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஆபீஸ்ல தெனம் ஏ ஸீரோ பிளான் பிரிண்ட் எடுக்கறதே நான்தானே?"

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நான் ஏ ஃபோர் போதும்னுதானே சொன்னேன்? நீங்கதான் மாமனார் மேல இருக்கிற பாசத்துல ஏத்திக்கினே போனீங்க. அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அழுதுட்டாங்க."

மாமியார் வரைக்கும் போன பிறகு பின்வாங்க முடியுமா? போட்டோ மேல் கண்ணாடித் தாள் வைத்துக் கட்டம் போட்டேன். பேப்பரிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். போட்டோவில் கடுகு அளவுக் கட்டம், பேப்பரில் பூரி அளவு. பூதக்கண்ணாடி வழியே ஒரு கடுகைப் பார்ப்பது, ஒரு பூரியில் வரைவது. அரை சென்டிமீட்டர் மீசை பேப்பரில் ஒரு சாண் வந்தது. அதற்கு மட்டும் மூணு பென்சில். நாலு ஞாயிற்றுக்கிழமை தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மாமனாரின் மூக்குத் துவாரத்துக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கின மருமகன் இந்தக் கர்நாடகத்திலேயே நான் ஒருத்தன்தான்.

சும்மா சொல்லக் கூடாது. முடித்தபோது மாமனார் அப்படியே இருந்தார். ஃபிரேம் போட்டு மாட்டினோம். "என்னையே பாக்கறாருங்க" என்று சங்கமித்ரா தேம்பினாள். நானும் அஞ்சு நிமிஷம் டிவியையே மறந்துபோனேன்.

ஆர்டர் பண்ணின டிவி, ரூமில் பீரோவை ஒட்டிப் பெட்டியோடு நின்றிருந்தது. மறுநாள் காலையில் அதை மாட்டுகிற ஆட்கள் ரெண்டு பேர் டிரில் மெஷினோடு வாசலில் நின்றார்கள். நான் கூப்பிடவே இல்லை.

"எங்க சார் மாட்டறது?"

நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். "சமையல்கட்டுல" என்றாள் சங்கமித்ரா.

"சமையல்கட்டுலயா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இருந்த தட்டுமுட்டு எல்லாம் காலி. ஓட்டை போட வேண்டிய நாலு இடத்திலும் பென்சிலால் குறி. ஸ்கேல் வைத்துப் போட்ட குறி. என்றைக்கு அளந்தாளோ!

"எண்ணெய் தெறிக்குமேடி!"

"அவ்ளோ தூரம் தெறிக்காதுங்க. அளந்துட்டேன். எனக்கும் சமைக்கிற நேரத்துல சீரியல் ஆச்சு. மேட்ச் இருந்தா நீங்க வந்து தாராளமா பாருங்க."

"எங்க உக்காந்து?"

ஒரு முக்காலியைக் காலால் தள்ளினாள். அதன் மேல் கத்தியும் காய் நறுக்குகிற பலகையும் இருந்தன.

நேற்று கடைசி ஓவரில் இந்தியா ஜெயித்தது. எதிர்வீட்டு எத்திராஜ் எட்டிப் பார்த்து, தாரைதாரையாக நான் கண்ணீர் விடுவதைக் கண்டு, "உன்னை மாதிரி நாட்டுப்பற்று யாருக்குப்பா வரும்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ரெண்டு கிலோ வெங்காயம் அண்ணே என்று அவரிடம் நான் சொல்லவில்லை.