மேடு ஏறுகிற கார்

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகள். கதவுப் பக்கம் குளிர் அடிக்கும், இஞ்சாலே தள்ளி இருங்கள். நீக்கிலாஸ் கார் வாங்கின கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கடைசியில் சிரிப்பு நின்றுபோனால் என்னோடு கோபிக்கக் கூடாது.

மார்க்கம் வீதியில் பழைய கார் விற்கிற வளவு ஒன்று. டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. அங்கே ஒரு வெள்ளைக் காருக்குக் கீழே, பனிச் சகதியில் மட்டையை விரித்து, நீக்கிலாஸ் மல்லாந்து கிடந்தார். வயது அறுபத்தேழு. வெளியே தெரிந்தது அவருடைய சப்பாத்து இரண்டும்தான்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. முதுகு பிடிக்கப்போகுது," என்றாள் மனைவி றோஸ்மேரி.

"பொறும். கறள் கிடக்கு, அடியெல்லாம் துரு," என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

குரலுக்குப் பின்னால் ஒரு கை வந்தது. கதவின் ஓரத்தில் வட்டமான சிவப்பு ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு உள்ளே போனது. அது எட்டாவது ஸ்ரிக்கர்.

ஸ்ரிக்கர் கதையை முதலில் சொல்லவேண்டும். காருக்குக் கதவுப் பிடி செய்கிற தொழிற்சாலையில் நீக்கிலாஸ் இருபத்தேழு வருசம் பழுது பார்க்கிற வேலை செய்தவர். திருத்துகிற வேலை அல்ல, கண்டுபிடிக்கிற வேலை. பழுதான சாமானில் சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டுவார். அது திரும்பிப் போகும். வேலையிலிருந்து இளைப்பாறுகிறபோது மற்றவர்களுக்கு மணிக்கூடு கொடுத்தார்கள். நீக்கிலாஸ் தனக்கு மூன்று பெட்டி ஸ்ரிக்கர் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

போன மே மாதம் மகள் ஸ்டெபனி புதுவீடு வாங்கினாள். நானூறு ஹைவேயில் வடக்கே ஒன்றரை மணித்தியாலம் போகவேண்டும். தகப்பனும் தாயும் போய் ஐந்து நாள் நின்றார்கள். அந்த ஐந்து நாளில் நீக்கிலாஸ் நாற்பத்து மூன்று ஸ்ரிக்கர் ஒட்டினார். படியில், யன்னலில், அடுப்பில், பேத்தி நிலாணியின் தொட்டில் ஆணியில். மருமகன் றூபன் கதிரையில் இருந்தபடி கண்ணயர்ந்த நேரம் அதிலும் ஒன்று விழுந்தது. அது கதிரைக்கா ஆளுக்கா என்று நீக்கிலாஸ் கடைசிவரை சொல்லவில்லை.

அவருக்கு அது அன்பு. வேறு விதமாக அவருக்குக் காட்டத் தெரியாது.

அதற்குப் பிறகு வரக் கேட்டபோதெல்லாம் மகளிடம் ஒரு காரணம் இருந்தது. யூலையில் வீட்டில் பெயின்ற் மணம். ஓகஸ்டில் பிள்ளைக்குச் சளி. ஒக்டோபரில் றூபனுக்கு வேலை கூட. நவம்பரில் நீக்கிலாஸ் தானே போன் எடுத்தார்.

"பேத்தியின்ர முதலாவது பேர்த்டேக்கு வாறம், பிள்ளை."

"அப்பா, வின்ரர்லை இந்த மேடு ஏறேலாது. உங்கட கார் வழுக்கும். ஃபோர் வீல் ட்ரைவ் இருந்தால்தான் சேஃப்."

"மேட்டை நான் காணேல்லையே."

"சமர்லை தெரியாது அப்பா. ஸ்நோவுக்குத்தான் தெரியும்."

வேறு தகப்பன் என்றால் மனம் நொந்திருப்பான். நீக்கிலாஸுக்கோ பெரிய ஆறுதல். பழுது எது என்று சொல்லியாயிற்று, இனித் திருத்தினால் சரி. பேத்தி தவழ்ந்ததை அவர் போனில் வந்த படத்தில்தான் பார்த்தார். அவள் நடக்கிறதையும் படத்தில் பார்க்க அவருக்கு மனமில்லை. ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை பிறந்தநாள். அதற்குள் நாலு சில்லும் இழுக்கிற கார் ஒன்று வாங்கவேண்டும்.

அப்படித்தான் அவர் வெள்ளைக் காருக்குக் கீழே போனவர்.

றோஸ்மேரி உள்ளே ஏறி இருந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். "ஏதோ ஈரமணம் வருகுதப்பா. எனக்கென்ன தெரியும்."

நீக்கிலாஸ் துள்ளி எழுந்தார். "வெள்ளத்திலை நிண்ட காரோ?"

வளவுக்காரன் வாகீசன் ஓடி வந்தான். "ஐயா, காலமைதான் உள்ளுக்குக் கழுவினது. அந்த ஸ்ரிக்கரையெல்லாம் கழட்டுங்கோ, ஆக்கள் பாக்கினம்."

நீக்கிலாஸ் ஒன்றைக் கழற்றினார். ஸ்ரிக்கரோடு வெள்ளைப் பெயின்ற் கொஞ்சம் வந்தது. உள்ளே நீலம் தெரிந்தது.

"உது முந்தி நீலக் காரோ தம்பி?"

"கதவு மட்டும்தான் ஐயா."

"மிச்சக் கார் எங்கை?"

வாகீசன் அந்த ஸ்ரிக்கரை வாங்கி அதே இடத்தில் திருப்பி ஒட்டினான். அத்தோடு வெள்ளைக் கார் முடிந்தது.

அடுத்தநாள் சனிக்கிழமை. கார் பார்க்கப் போக முடியாது. யூலை தொடங்கிச் சனி தவறாமல் றோஸ்மேரிக்குக் கோயில் பாட்டுப் பயிற்சி. சம்பந்தி கிளடிஸ், றூபனுடைய தாய், விடியவே வந்து ஏற்றிக்கொண்டு போவாள். அவளுடைய கார் சாப்பாட்டுப் பெட்டி அளவு. பதினைந்து வருசப் பழசு. நீக்கிலாஸ் பார்த்த அன்றே அதற்கு ஏழு ஸ்ரிக்கர் ஒட்டினவர். போகிற றோஸ்மேரி பொழுதுபட்டுத்தான் திரும்புவாள். இவ்வளவு பழகியும் ஞாயிறு பூசையில் அதே பழைய பாட்டுத்தானே பாடுகிறார்கள் என்பது நீக்கிலாஸின் ஒரே குறை.

அவர் தன்னோடு வேலைசெய்த அருள்நாயகத்திடம் யோசனை கேட்டார். நம்முடைய ஆட்கள் நாலு பேரைக் கேட்காமல் ஒரு வாளி வாங்கினது உண்டா?

"ஓல் வீல் எண்டால் கார் தானா யோசிச்சு இழுக்கும், மச்சான்," என்றார் அருள்நாயகம். "கார் யோசிக்கிறது உனக்குச் சரிவராது. நீ லீவர் போடுற ஃபோர் வீலை எடு."

மெக்கானிக் பொன்னம்பலம் நேர்மாறாகச் சொன்னார். "அண்ணை, லீவர் போட மறந்தால் நீங்கள் பள்ளத்துக்கை. தானா இழுக்கிறதுதான் உங்கட வயசுக்கு நல்லது."

இரண்டு பேர் சொன்னதையும் தலையில் ஏற்றிக்கொண்டு நீக்கிலாஸ் இரண்டு கிழமை அலைந்தார். நத்தார்ப் பண்டிகையும் போய்விட்டது. புதுவருசம் பிறந்த கையோடு ரூஜ் பக்கத்தில் துர்க்கா என்ற நேர்ஸ் பிள்ளை விற்கிற சிவப்புக் கார் ஒன்று அகப்பட்டது. பொன்னம்பலம் அதைத் தூக்கி வைத்து அடியெல்லாம் பார்த்தார். கறள் இல்லை, எண்ணெய் ஒழுகவில்லை. நீக்கிலாஸே மூன்று ஸ்ரிக்கரோடு நிறுத்திவிட்டார். அவருடைய வாழ்க்கையில் எந்தச் சாமானுக்கும் அவர் செய்த பெரிய மரியாதை அது.

"எடுப்பமோ?" என்று றோஸ்மேரியைக் கேட்டார்.

அவள் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். "முன் ரயரும் பின் ரயரும் ஒரேமாதிரி இல்லைப் போலக் கிடக்கு. எனக்கென்ன தெரியும்."

பொன்னம்பலம் குனிந்து பார்த்தார். "அக்கா சொல்லுறது சரி அண்ணை. நாலு சில்லும் இழுக்கிற காருக்கு நாலு ரயரும் ஒரே அளவாத் தேஞ்சிருக்கவேணும். இல்லாட்டி உள்ளுக்கு இருக்கிற கியர் அடிபட்டுப்போகும்."

நீக்கிலாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னோடை இருந்து நீரும் பழகிட்டீர்," என்றார். றோஸ்மேரி குளிருக்குச் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நாலு ரயரையும் மாற்றித்தந்தால் வாங்குவேன் என்றார் நீக்கிலாஸ். வியாழனுக்குள் மாற்றுகிறேன் என்று துர்க்கா ஒத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அருள்நாயகத்திடம் போய்ச் சொன்னார்.

"சிவப்போ? விடு மச்சான்," என்றார் அருள்நாயகம். "சிவப்புக் காரைப் பொலிசு விடாது. ஆரின்ர கார், எங்கை நிக்குது?"

வியாழன் போனபோது துர்க்காவின் வாசலில் கார் இல்லை.

"புது ரயர் போட்ட உடனை ஒரு அங்கிள் வந்து எடுத்துக்கொண்டு போட்டார். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னதாச் சொன்னாரே," என்றாள் அவள்.

ஞாயிறு பூசைக்குப் போனால், கோயில் கார் தரிப்பிடத்தில் சிவப்புக் கார் நிற்கிறது. நாலும் புது ரயர். அருள்நாயகம் அதில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"நீதானே மச்சான் வேண்டாமெண்டனீ," என்றார் நீக்கிலாஸ்.

"ஓம். உனக்கு வேண்டாமெண்டனான்."

"பொலிசு விடாதெண்டனீ."

"என்னைத் தெரியாத பொலிசே?"

அன்று பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் நீக்கிலாஸ் இரண்டு கையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் வெளியே வந்து, யாரும் காணாமல், சிவப்புக் காரின் பின்பக்கத்தில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு நாள். "வசந்தத்துக்குப் போவமப்பா, ஏன் உங்களுக்கு இந்த அலைச்சல்," என்றாள் றோஸ்மேரி. நீக்கிலாஸ் வெள்ளிக்கிழமை யாரையும் கேட்காமல், யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல், பஸ் ஏறி மார்க்கம் வீதிக்குப் போனார்.

வாகீசன் அவரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தான். "ஸ்ரிக்கர் கொண்டுவந்தனீங்களோ ஐயா?"

"கொண்டுவந்தனான். ஒட்டேல்லை. அந்த வெள்ளை நிக்குதோ?"

"நிக்குது." அவனுக்கே மனம் கேட்கவில்லை. "ஐயா, கறள் இருக்கு. கதவு மாத்தினது. தெரிஞ்சுதானே எடுக்கிறீங்கள்?"

"எல்லாம் தெரியும் தம்பி. மேடு ஏறுமோ?"

"மேடு ஏறும்."

"அது காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

இருபத்தேழு வருசத்தில் பழுதென்று தெரிந்த ஒரு சாமானைக் கூட நீக்கிலாஸ் தன் கையைத் தாண்டிப் போக விட்டதில்லை. அன்றைக்கு விட்டார். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருகிற வழியெல்லாம் நீலக் கதவு கிடுகிடுத்தது. அவர் கேளாதவர் மாதிரி இருந்தார்.

சனி விடிய, "வெளிக்கிடும் றோஸ்மேரி, பேத்தியிட்டைப் போறம்," என்றார்.

றோஸ்மேரியின் கையிலிருந்த கோப்பைத் தேத்தண்ணீர் கொட்டிற்று. "இண்டைக்குப் பாட்டுப் பயிற்சி எல்லோ."

"கர்த்தர் ஒரு கிழமை பொறுப்பார்."

நீக்கிலாஸ் முன்னாலேயே நின்றதால், "இண்டைக்கு நான் வரேல்லை" என்று மட்டும் கிளடிஸுக்குப் போனில் சொல்லி வைத்தாள். ஸ்டெபனிக்கும் சொல்லவேண்டாம், திடீரென்று போய் நிற்போம் என்று நீக்கிலாஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஹைவேயில் ஏறினது தொடங்கி றோஸ்மேரி போனை மடிக்குள் வைத்துக்கொண்டு எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுடைய வாசிக்கிற கண்ணாடியை ஒரு கிழமையாகக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே, குளிர்ப்பெட்டிக்குள், வீடு முழுக்க நீக்கிலாஸ் தேடிக் களைத்திருந்தார்.

"ஆருக்கு எழுதுறீர்? தாரும், நிப்பாட்டிப்போட்டு நான் அடிச்சுத் தாறன்."

"வேண்டாம். சும்மா," என்று போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

கார் கிடுகிடுத்துக்கொண்டு ஓடிற்று. மேடு வருகிறது, மேடு வருகிறது என்று நீக்கிலாஸ் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். மகளின் தெரு வந்தது. பனியை வழித்து, உப்புப் போட்டு, தெரு கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. மேடு இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. கோயில் வாசலில் சக்கர நாற்காலிக்குக் கட்டி வைத்திருப்பார்களே, அந்த அளவு.

வாசலில் கிளடிஸின் சாப்பாட்டுப் பெட்டிக் கார் நின்றது.

"உது எப்பிடி ஏறினது?" என்றார் நீக்கிலாஸ். றோஸ்மேரி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவரே யோசித்துப் பதிலும் கண்டுபிடித்தார். "ஸ்நோ கொட்ட முந்தியே கிளடிஸ் வந்து நிக்கிறா போல."

கதவைத் திறந்தது ஸ்டெபனி. கையெல்லாம் கேக் கிறீம். தகப்பனைக் கண்டு அப்படியே நின்றாள். "அப்பா. இந்த றோட்டிலை எப்பிடி..."

"நாலு சில்லும் இழுத்தது பிள்ளை," என்றார் அவர், பெருமையாக. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பாரும், ஸ்ரிக்கர் கொண்டுவரேல்லை."

ஸ்டெபனி கிறீம் கையாலேயே கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய காலுக்குப் பின்னாலிருந்து நிலாணி வந்தாள். நடந்தே வந்தாள். நீக்கிலாஸ் முழங்காலிட்டுக் கையை நீட்டினார். பிள்ளை அவரைப் பார்த்தது, முகத்தைச் சுளித்தது, அவரைச் சுற்றிக்கொண்டு போய் றோஸ்மேரியின் சேலையைப் பிடித்து, "தூக்கு" என்று கையை உயர்த்தியது.

நீக்கிலாஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பாத்தீரோ றோஸ்மேரி, ரத்தம் அறியுது. எட்டு மாசம் காணாமலும் அம்மம்மாவை மறக்கேல்லை."

அப்போதுதான் குசினிக்குள் இருந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று பாராமலே, கிளடிஸ் குரல் கொடுத்தாள்:

"றோஸ்மேரி அக்காவோ அது, கடைசியிலை வந்திட்டீங்களோ, போன சனிக்கிழமை நீங்கள் விட்டிட்டுப் போன கண்ணாடியை உவள் நிலாணி கடிச்சு ஒரு காலை முறிச்சுப்போட்டாள்."

நேரமாயிற்று, எழும்புங்கள் பிள்ளைகள். உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற மேடு என்றைக்கும் கார் ஏறக்கூடிய மேடாகவே இருக்கட்டும். வருகிறவர்களின் கையும் வெறுங்கையாக இருக்கட்டும். எல்லாரும் சுகமாக இருங்கள்.