நாற்பத்தைந்து இன்ட்டு

“மொத்தம் முந்நூறு ஜோடி. எங்க இறக்கட்டும்?” என்று கேட்டார் லாரி டிரைவர் டெல்பர்ட்.

வசந்தாமணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். டென்னிஸ் மட்டைக்கு வார் தைத்துக் காலில் மாட்டிக்கொள்ளச் செய்தது போல ஏதோ அடுக்கியிருந்தது.

“இது என்னங்க?”

“பனியில கால் புதையாம நடக்கிறதுக்கு. ராணுவச் சரக்கு. உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் உழைக்கும்.”

வசந்தாமணி வாசலைப் பார்த்தாள். 1998 ஜூலை மாதம். டெக்சாஸ் மாநிலம். நிழலிலேயே நூற்று நான்கு டிகிரி. பெக்கான் ஃபோர்க் என்ற அந்தச் சிற்றூரில் அன்று காலைதான் தார்ச்சாலை இளகி, தபால்காரரின் செருப்பு ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டது.

“நாங்க கேட்டது ஒரே ஒரு நாற்காலி!” என்றாள்.

“நாற்காலி தீர்ந்துபோச்சு மேடம். அதுக்கு மட்டும்தான் எல்லா ஊர்லயும் அடிபிடி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

டெல்பர்ட்டும் சரி, மற்ற அமெரிக்கர்களும் சரி, பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். அதிலும் டெக்சாஸ் இங்கிலீஷ், பாதி மூக்கிலேயே தங்கிவிடும். நம் வசதிக்குத் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

பெக்கான் ஃபோர்க் காவல் நிலையத்தில் போலீஸ்காரர்கள் ஏழு பேர், கார் மூன்று, தூங்குவதற்கென்றே ஒரு நாய். இவர்களோடு தற்காலிக குமாஸ்தாவாக வசந்தாமணி. கோபிசெட்டிபாளையத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவன் கோபாலசாமிக்குப் பக்கத்து நகரமான ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலை. கூடவே வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாமல், நாலு வருடம் அபார்ட்மென்ட்டில் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரீன் கார்டு வந்த மறுவாரமே அப்ளை பண்ணிக் கிடைத்த வேலை இது. ஆறு மாதம் சோதனைக் காலம். வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அவள் மேஜைமேல் ‘தற்காலிகம்’ என்று எழுதிய பிளாஸ்டிக் பலகை இருந்தது. வேலை நிரந்தரமானால் அதை எடுத்துவிட்டுப் பித்தளையில் பெயர் பொறித்து வைப்பார்கள். தன் பெயரைப் பித்தளையில் பார்க்க வேண்டும் என்று வசந்தாமணிக்கு அப்படி ஒரு ஆசை. கார் ஓட்டும்போது ஸ்டியரிங்கில் விரலால் எழுதிப் பார்ப்பாள். முழுப் பெயருக்கு ஸ்டியரிங்கே போதாது.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் போலீஸ் தலைவர் பிரான்ட் மூன்று பக்கத் தாள் ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

“வாசா, ராணுவத்துல மிஞ்சினதை எல்லாம் சின்ன ஊர் போலீசுக்குச் சும்மா தர்றாங்களாம். இது பட்டியல். நமக்கு என்னத்துக்கு? உன் நாற்காலிதான் உடைஞ்சு கிடக்கு. அதை மட்டும் கேட்டு ஃபேக்ஸ் பண்ணிடு.”

உடைந்து கிடக்கிறது என்பது மரியாதைக்குச் சொன்னது. அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து மூச்சு விட்டால் சரேலென்று ஓரடி இறங்கும். போன் பேசிக்கொண்டே மேஜைக்குக் கீழே மறைந்துபோவது வசந்தாமணிக்குப் பழகிவிட்டது.

ஆறு மாதமாக எல்லாமே கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை. பேனா பிடித்து நிரப்பிய முதல் ஃபார்ம் இதுதான். நாற்பத்தாறு பொருள், நாற்பத்தாறு கட்டம். நாற்காலிக்கு எதிரே அழகாக ஒரு டிக். மீதியை வெறுமனே விட டீச்சர் கை ஒப்புமா? வேண்டாத நாற்பத்தைந்துக்கும் வரிசையாக நாற்பத்தைந்து இன்ட்டு. எண்ணிப் பார்த்து, முத்திரை குத்தி, அனுப்பிவைத்தாள்.

அதற்குத்தான் இந்த முந்நூறு ஜோடி.

சீஃப் பிரான்ட் வெளியே வந்து பெட்டிகளைப் பார்த்தார். அவருக்கு மீசை கொஞ்சம் அதிகம். சிரித்தாலும் முறைத்தாலும் உள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஒரு ஜோடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வசந்தாமணி கோபாலசாமிக்குப் போன் போட்டாள்.

“என்னுங்க, மோசம் போயிட்டனுங்க! கேக்காத சாமானெல்லாம் வந்து எறங்குது. சீஃப் மூஞ்சியக் காட்டாம உள்ள போயிட்டாருங்க.”

“பதறாத அம்மிணி. ஃபார்ம்ல என்ன போட்ட?”

“நாற்காலிக்கு டிக், மத்ததுக்கெல்லாம் இன்ட்டு.”

“கரெக்டாத்தான போட்டிருக்க? ஃபேக்ஸ் கிளியரா போயிருக்காது. மார்க்கர் எடுத்து இன்ட்ட நல்லா தடிமனா போட்டு, மறுபடி ஃபேக்ஸ் பண்ணு.”

எஞ்சினியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வசந்தாமணி கறுப்பு மார்க்கரால் நாற்பத்தைந்து இன்ட்டையும் தடிமனாக்கி, சீஃப் கண்ணில் படாமல் அனுப்பினாள்.

புதன்கிழமை டெல்பர்ட் இரண்டு லாரியோடு வந்தார்.

ரப்பர் படகு நான்கு. பாராசூட் பன்னிரண்டு. கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவி ஆறு. ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் நடமாடும் அடுப்பு ஒன்று. அந்த ஊரில் இருந்த ஒரே ஓடையில் அப்போது வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை! கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்கள். சலூன் நாற்காலியிலிருந்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் வந்தார். படகில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தூங்குவதற்கென்றே இருந்த நாய்கூட எழுந்து நின்று குரைத்தது. இப்படிக் குரைக்கும் என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மேயரம்மா மூச்சிரைக்க வந்து, “பக்கத்து ஊர்ல ஒரு படகாவது இருக்கா? இருக்கான்னு கேக்கறேன்!” என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். கூட்டம் கைதட்டியது.

வசந்தாமணிக்கும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் துள்ளத்தான் செய்தது. கோபியில் தேர் நோம்பிக்குக்கூட இவ்வளவு பரபரப்பைப் பார்த்ததில்லை. அடுத்த நிமிடமே பித்தளைப் பலகை ஞாபகம் வந்து அந்தத் துள்ளலை அமுக்கியது.

சீஃப் தொப்பியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கால்மணி நேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அறைக்குள் போனார். போனில் அவர் பேசியதில் இரண்டே துண்டுதான் வசந்தாமணியின் காதில் விழுந்தது. “வாசாதான்... எல்லாம் வாசா வேலைதான்.” அப்புறம், “என் முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை!”

முடிந்தது கதை என்று நினைத்தாள். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ராணுவக் கிடங்குக்கே போன் போட்டுவிட்டாள்.

“பெக்கான் ஃபோர்க்கா? உங்க ஃபார்ம் எங்க ஆபீஸ்ல ரொம்பப் பிரபலம் மேடம்!” என்றது ஒரு உற்சாகமான குரல். “இவ்வளவு தெளிவா யாரும் போட்டதில்லை. ரெண்டாவது தடவை இன்னும் தெளிவு.”

“தெளிவா இருந்துமா இப்படிப் பண்றீங்க? மூணாவது பக்கத்துல கடைசி ஐட்டம் ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி எங்க முடிவு என்னன்னு புரிஞ்சுதா இல்லையா?”

மூன்றாவது பக்கத்தின் கடைசி ஐட்டம் ஒரு போர் டாங்கி.

“அதுவா? அதுல மட்டும் இன்னும் முடிவாகலை. உங்களுக்கு அது அவ்வளவு முக்கியம்னா எழுத்துல இன்னும் அழுத்தமா சொல்லுங்க. மேலதிகாரிக்கிட்டக் காட்டறேன்.”

“அழுத்தமாத்தான? இதோ, இப்பவே சொல்றேன்!”

வசந்தாமணி சிவப்புப் பேனாவை எடுத்தாள். நான்கு வருடம் விடைத்தாள் திருத்திய கை. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவையே அழவைத்த கை. முதல் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு இன்ட்டும் கட்டத்தைத் தாண்டிக் கைகால் நீட்டிக்கொண்டு நின்றது. டாங்கிக்கு எதிரே ஒன்று போட்டாள். மனசு ஆறவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறமும் ஒன்று. ஆக மூன்று இன்ட்டு. ஃபேக்ஸில் சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் போகும் என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. போகட்டும், மூன்று இன்ட்டுக்கு நிறம் எதற்கு?

“இதுக்கு மேலயும் வந்துச்சுன்னா?” என்று சாயங்காலம் கோபாலசாமியிடம் கேட்டாள்.

“மூணு இன்ட்டு போட்டதுக்கு அப்புறமா? கண்ணில்லாதவங்ககூட அனுப்பமாட்டாங்க அம்மிணி. நீ நிம்மதியா சாப்பிடு.”

வெள்ளிக்கிழமை வந்தது. வசந்தாமணி கோவிலுக்குப் போகிற புடவையை ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போனாள். மேஜைமேல் ஒரு உறை இருந்தது. சீஃப் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேயரம்மாவின் குரலும் கேட்டது.

உறையைப் பிரித்தாள். பணி மதிப்பீட்டுத் தாள். பத்து வரி, பத்துக் கட்டம்.

நேரம் தவறாமை: இன்ட்டு.

நேர்மை: இன்ட்டு.

முன்முயற்சி: இன்ட்டு. அதுவும் பேனாவை அழுத்திப் பிடித்துப் போட்ட இன்ட்டு.

ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். பத்தாவது வரி, ‘நிரந்தரமாக்கலாம்’. அதற்கும் எதிரே பெரிதாக ஒரு இன்ட்டு.

பத்துக்குப் பூஜ்யம்! வாழ்நாளில் எவ்வளவோ பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறாள், தான் வாங்கியதில்லை. நேரம் தவறாமைக்குமா? ஆறு மாதத்தில் ஒருநாள் லேட்டாக வந்திருப்பாளா? நேர்மைக்குமா? இந்த ஆபீஸ் பேனா ஒன்று அவள் வீட்டுக்குப் போயிருக்குமா? நாற்காலியில் உட்கார்ந்தாள். அது சரேலென்று ஓரடி இறங்கியது. இறங்கிய இடத்திலேயே, யார் கண்ணிலும் படாமல், வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து எழுந்து சாமான்களை எடுத்து வைத்தாள். மானிட்டர் மேலிருந்த பிள்ளையார், டிபன் டப்பா, ஊறுகாய் பாட்டில். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லவும் வாய் வரவில்லை. மறுபடியும் அந்த மைக்ரோவேவ் கடிகாரம்தானா?

அப்போது மேஜை அதிர்ந்தது. ஊறுகாய் பாட்டில் தானாகவே இரண்டு அங்குலம் நகர்ந்தது.

வெளியே ஊரே கத்தியது. வசந்தாமணி ஜன்னலுக்கு ஓடினாள். பதினெட்டுச் சக்கர லாரியின் முதுகில், பீரங்கிக் குழாய் கழற்றிய, யானை நிறத்து டாங்கி ஒன்று மெயின் ரோட்டில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் பள்ளிக்கூட பேண்டு வாசிப்பு. பின்னால் சைக்கிள் கூட்டம். வெள்ளாடுகள் ஓடையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

டெல்பர்ட் தொப்பியை உயர்த்தியபடி உள்ளே வந்தார்.

“வாழ்த்துகள் மேடம்! இதுக்கு ஒன்பது ஊர் போட்டி. கடைசியில உங்களுக்குத்தான்னு முடிவாச்சு. கையெழுத்து?”

“கையெழுத்தா?” வசந்தாமணி பொங்கிவிட்டாள். வேலையே போன பிறகு இனி யாருக்குப் பயம்? கோப்பிலிருந்து மூன்று ஃபார்மையும் உருவி, மதிப்பீட்டுத் தாளையும் சேர்த்து அவர் முன்னால் அறைந்தாள். “பாருங்க! கண்ணைத் திறந்து பாருங்க! நாற்பத்தஞ்சு தடவை போட்டேன். தடிமனாப் போட்டேன். இந்த டாங்கிக்கு மூணு போட்டேன்! நீங்க பாட்டுக்கு வண்டி வண்டியாக் கொண்டுவந்து எறக்கினீங்க. இப்ப எங்க சீஃப் எனக்குப் போட்டிருக்கார் பாருங்க, பத்து! என் வேலையே போச்சு!”

டெல்பர்ட் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் ஃபார்மைப் பார்த்தார். மூன்றாவது ஃபார்மைப் பார்த்தார். மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக வசந்தாமணியைப் பார்த்தார். வெளியே பேண்டு ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“மேடம், உங்க நாட்டுல எப்படியோ எனக்குத் தெரியாது. இந்த நாட்டுல கட்டத்துக்குள்ள இந்தக் குறி போட்டா ‘வேணும்’னு அர்த்தம். டாங்கி வேணும்னு நீங்க மூணு தடவை சொல்லியிருக்கீங்க, நீங்க வேணும்னு அவர் பத்துத் தடவை சொல்லியிருக்கார்.”